பாஸான நெஞ்சு

வண்டி சைலன்சர்ல விடுற குழாய வாயில வச்சு ஊதுற ஆளப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். காரிமங்கலம் ரோட்டோரம் வேன் போட்டு புகை டெஸ்ட் எடுக்குறவரு. மீசை, காலர், காது மடல் வரைக்கும் கரி. இருமிக்கிட்டே என் பைக்குக்கு பாஸ் போட்டாரு. அப்புறம் குழாயத் தொடச்சு, தானே ஊதி, வந்த பிரிண்ட மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு.

"அண்ணா, ஆஸ்பத்திரில காட்டலாம்ல?"

"அங்க போனா பீடிய விடச் சொல்லுவாங்க தம்பி. மெஷின் பாஸ்னு சொல்லிருச்சு. ஆறு மாசத்துக்குச் செல்லும்."

"பாஸ்னா ஏன் இப்படி இருமுறீங்க?"

"அது ஹாரன் தம்பி. ஹாரனுக்கு டெஸ்ட் கெடையாது."

ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. ரினியூ பண்ண வந்து நிக்கிறேன். வேன் பூட்டியிருக்கு.