நாலு சென்டிமீட்டர் மூச்சு

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டு ஜெயவேல் ஒரு குரல் கொடுத்தால், தெருமுனையில் திரும்பப்போகிற தண்ணீர் லாரி நின்றுவிடும். அது ஒரு காலம். இந்தக் கதை தொடங்குகிற இரண்டாயிரத்து ஒன்பதில், அதே மாடிக்கு ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாராவது எதிரில் வந்தால் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடுவதுபோல் நடிப்பான். அந்தப் போனில் பாதி நாள் சார்ஜே இருக்காது.

மீசை அரும்பிய வயதில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தவன். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கேரம்போர்டு. வேலைக்குப் போன அன்று அவன் துப்புகிற எச்சில்கூடக் கறுப்பாக இருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து யசோதரா பயந்துபோனாள்.

"உள்ள போன கரி வெளிய வந்துகினுதான மே கீது? அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்று சிரித்தான் அவன்.

எல்லாம் வெளியே வந்துவிடவில்லை என்பது நாற்பது தாண்டிய பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இனிமே தூசிப் பக்கமே போகக் கூடாது. போனா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். காண்டிராக்டர் அவரைவிடச் சுருக்கமாகப் பேசினார். "நாளைலேர்ந்து வராத."

தூசி இல்லாத வேலை! வடசென்னையில் பிறந்து வளர்ந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் நடந்துபோய்ப் பாருங்கள், துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் திரும்பி வருகிறதா என்று. யசோதராவும் யோசித்து யோசித்துப் பார்த்தாள். "கோயில்ல மணி அடிக்கிற வேலதான் தூசி இல்லாத வேல. அத்த நமக்குக் குடுத்துருவாங்களா?" என்றான் ஜெயவேல். வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

யசோதரா ஜாக்கெட் தைப்பவள். பெரம்பூரில் ஒரு வீட்டுக்குத் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில்தான் அந்த நாற்காலியைப் பார்த்தாள். பாங்க் ஏ.டி.எம். கண்ணாடி அறை, ஏ.சி., பளபளவென்று தரை, மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அறைக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. யசோதரா வெயிலில் நின்று அந்த நாற்காலியையே பார்த்தாள். ஊரில் பெண்கள் நகைக்கடையை வேடிக்கை பார்ப்பார்கள், இவள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். என்ன செய்வது, அவளுக்கு வாய்த்த ஆசை அது.

முன்பெல்லாம் வாட்ச்மேன் ஆவதற்கு ஒரு டார்ச் லைட்டும் தெரிந்த ஆள் ஒருத்தரும் இருந்தால் போதும். இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. பயிற்சி எடுக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டும், உடம்பு அளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் போட்டோ ஒட்டிய அட்டை. அட்டை இருந்தால்தான் நாற்காலி.

திருவொற்றியூரில் ஒரு காலிக் கிடங்கில் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் சுப்புராயன், வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடி போட்டும் எழுத்தைத் தூர வைத்துப் பார்க்கிற வயது. ஆனால் முதுகு மட்டும் பென்சில் மாதிரி நிற்கும். சல்யூட் அடிப்பது, தீயணைக்கிற சிலிண்டரைத் திறப்பது, கழியில் கண்ணாடி கட்டிக் காருக்கு அடியில் பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஜெயவேல் ஆசையாகக் கற்றுக்கொண்டான். வீட்டுக்கு வந்து காஸ் சிலிண்டருக்குக்கூட சல்யூட் அடித்துக் காட்டினான். யசோதரா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

இடித்தது ஒரே இடத்தில்தான். விதிப்படி ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். மைதானம் கிடைக்காததால் அந்த ஓட்டம் காகிதத்திலேயே ஓடி முடிந்துவிட்டது. அதனால் ஜெயவேல் பிழைத்தான். ஆனால் மார்பை அளக்க மைதானம் தேவையில்லையே. சாதாரணமாக நிற்கும்போது எண்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடித்தால் நாலு சென்டிமீட்டர் கூட வேண்டும். மற்றதில் எப்படியோ, இதில் சுப்புராயன் ராணுவம்.

"மார்புதான்டா மனுஷன். நாலு வரலைன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

யசோதரா தன் டேப்பைத் திருப்பிப் பிடித்தாள். இத்தனை வருஷம் அவள் பார்த்ததெல்லாம் இஞ்சுப் பக்கம். மறுபக்கத்துச் சின்னச் சின்னக் கோடுகளை இப்போதுதான் முதல்முதலாகக் கவனித்துப் படித்தாள். அவனைச் சன்னலோரம் நிறுத்தி அளந்தாள். எண்பதுக்குக் குறைவில்லை, எலும்பு அகலமான உடம்பு. "இழுய்யா" என்றாள். அவன் கண்கள் பிதுங்க இழுத்தான். டேப் இரண்டு கோடு நகர்ந்து நின்றுவிட்டது.

"இன்னா வந்துச்சு?"

"ரெண்டு."

"அவ்ளோதானா? நல்லாப் பாரு மே."

நல்லாத்தான் பார்த்தாள். அன்றே வீட்டுக்குப் பலூன் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று பலூன் ஊதினான், வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கி மூச்சுப் பிடித்தான், தேனில் மிளகு குழைத்துத் தின்றான். கடைசியில் ஒவ்வொன்றும் இருமலில்தான் போய் முடிந்தது. அளந்தால் இரண்டு, ஒரு நல்ல நாளில் இரண்டரை. ஒரு ஆண்பிள்ளை டேப்புக்குள் நின்றுகொண்டு பெண்டாட்டி என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்ப்பது பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு.

அப்போதுதான் தமீம் பாய் வந்தார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், யசோதராவுக்கு அவ்வப்போது தையல் வேலை கொடுப்பவர். அந்தப் பயிற்சிக் கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. "நீயே போய் ஆளுங்களுக்கு அளவு எடுத்துட்டு வந்துரும்மா. உன் வூட்டுக்காரர் அங்க இருக்காருன்னு மட்டும் சொல்லிக்காத, ஆர்டரை வேற யாருக்காச்சும் மாத்திடுவாங்க" என்றார். புருஷனுக்கு அவள் கையாலேயே யூனிஃபார்ம்! யசோதரா சந்தோஷமாகத்தான் கிளம்பினாள்.

கிடங்கில் ஆட்கள் பனியனோடு வரிசையில் நின்றார்கள். ஜெயவேல் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். அவள் டேப்பை எடுத்ததும் சுப்புராயனுக்கு ஒரு யோசனை வந்தது.

"அம்மா, எப்படியும் மார்பு அளக்கப்போறீங்க. மூச்சு இழுத்து ஒண்ணு, இழுக்காம ஒண்ணு, ரெண்டையும் சென்டிமீட்டர்ல சத்தமா சொல்லிடுங்க. எனக்கு அந்தப் பொடி நம்பர் தெரியறதில்ல, நான் எழுதிக்கிறேன்."

தமீம் பாய் சொன்னது யசோதராவுக்கு ஞாபகம் வந்தது. முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. முதலில் நின்றவனுக்கு ஐந்து வந்தது. அடுத்தவனுக்கு நாலரை. மூன்று பேருக்கு நாலு வரவில்லை. மூன்று பேருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதில் ஒருத்தன், "இன்னொரு தபா பாருக்கா" என்று கெஞ்சினான். பார்த்தாள். அதேதான் வந்தது. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

அடுத்த ஆள் அவள் புருஷன்.

அவனுடைய பனியனைக் காலையில் அவள்தான் மடித்துக் கொடுத்திருந்தாள். டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கரகரவென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. டேப்பை இறுக்கிப் பிடித்து முதல் அளவைச் சொன்னாள்.

"மூச்ச இழுங்க சார்" என்றாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவனை அவள் சார் என்று கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

அவன் எதிர்ச் சுவரில் ஒரு ஆணியைப் பார்த்தபடி இழுத்தான். கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றது. டேப் இரண்டில் நின்றது. யசோதரா ஆள்காட்டி விரலை டேப்புக்கு அடியில் கொடுத்தாள். ஜாக்கெட்டுக்கு லூசு விடுவதற்கு எத்தனையோ தடவை கொடுத்த விரல்தான்.

"எண்பத்தஞ்சு" என்றாள்.

"முன்னாடி எண்பத்தொண்ணு. அப்ப நாலு. ஷாபாஷ்!" என்று சுப்புராயன் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜெயவேல் அரை கிலோ மைசூர்பாகோடு வந்தான். "நாலு இழுத்தேன் மே! பலூனு வேல செஞ்சிருச்சு பாரேன்!" என்று மாடியில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொடுத்தான். யசோதரா சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் வந்து வருஷங்களாகியிருந்தன. அதைப் போய் எப்படி அணைப்பது? அவளும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அட்டை வந்தது. நீலச் சட்டை தைத்தாள், தோளில் பட்டை வைத்தாள். பிறகு வேலை எங்கே என்ற தகவலும் வந்தது. எர்ணாவூர் தாண்டி, நிலக்கரி கொட்டி வைக்கிற ஒரு தனியார் யார்டு. அதன் லாரி கேட்.

யசோதரா அன்றே பஸ் பிடித்துத் திருவொற்றியூருக்கு ஓடினாள். சுப்புராயன் கிடங்கு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜெயவேல ஏ.டி.எம்.ல போடுங்க சார்."

"நீங்க தையல்காரம்மா இல்ல? அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு என் வூட்டுக்காரரு சார்."

சுப்புராயன் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்குச் சொல்லவே இல்லையேம்மா. சரி, விடுங்க. ஏ.டி.எம். எல்லாம் நிரம்பிடுச்சு. நாலு வராத மூணு பேர் இருந்தாங்களே, அவங்களைத்தான் அங்க போட்டிருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. "நாலு வரலைன்னா வூட்டுக்கு அனுப்பிருவேன்னு சொன்னீங்களாமே சார்?"

"நான் அனுப்பத்தான் சொன்னேன். பாங்க்ல அவசரமா ஆள் கேட்டாங்க, உட்கார்ந்து பாக்கிற டியூட்டிக்கு இது போதும்னு கம்பெனி எடுத்துக்கிச்சு. என் பேச்சை யாரு கேக்குறாங்க? யார்டு அப்படியில்ல. லாரி பின்னாடி ஓடணும், விசில் ஊதணும். நல்ல மூச்சு இருக்கிற ஆளாத்தான் அனுப்பணும். உங்க வீட்டுக்காரருக்கு நாலு இருக்கே."

"அவருக்கு நெஞ்சு சரியில்ல சார். கரி ஆவாது."

"என்னம்மா சொல்றீங்க? நீங்கதானே அளந்தீங்க?"

யசோதரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அளவு தப்புன்னா சொல்லுங்க. அட்டையை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடறேன். ஆனா வேற இடம் எதுவும் இப்ப காலி இல்ல, அதையும் சொல்லிடறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். வீட்டில் ஜெயவேல் யூனிஃபார்மைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருப்பான். அட்டை போனால் திரும்பக் காண்டிராக்டரிடம்கூடப் போக முடியாது. ஒரு விரல் கனம் பொய் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நாற்காலி கிடைத்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"இல்ல சார். சரியாத்தான் அளந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஜெயவேல் வேலைக்குப் போனான். லைனிங் துணியை இரண்டாக மடித்து மூக்கை மூடுகிற மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தாள். அது சாயங்காலம் அவன் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டு வந்தது. "இத்தக் கட்டிக்கினா விசில் எப்டி மே ஊதறது?" என்றான். எச்சில் மறுபடி கறுத்தது. கொஞ்ச மாதம் போனதும் விசில் சரியில்லை, பேஜாரு பண்ணுது என்றான். அவள் வேறு விசில் வாங்கிக் கொடுத்தாள். அதுவும் சரியில்லை என்றான். பிறகு விசிலை விட்டுவிட்டு லாரிப் பலகையைக் கழியால் தட்டத் தொடங்கினான்.

ஒருநாள், "வேலய வுட்டுரேன்யா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நாலு இழுத்து வாங்கின வேல மே இது. சும்மா வந்துச்சா?" என்றான்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"சைடுல கொஞ்சம் பிடிச்சுக் குடு மே. ஆபீசருங்க வராங்களாம்."

அவனைச் சன்னலோரம் நிறுத்தி டேப்பைச் சுற்றினாள். எண்பது இல்லை. எழுபத்தாறு. அளவை மனதில் வைத்துக்கொண்டு டேப்பை எடுக்கப்போனபோது அவன் அவள் கையைப் பிடித்தான்.

"இரு, இரு. எடுக்காத. ரொம்ப நாளாச்சு பாத்து. இப்ப எவ்ளோ இழுக்கறேன்னு பாரு."

இழுத்தான். பழையபடி கண்கள் பிதுங்கின, கழுத்து நரம்பு எழுந்தது. நெஞ்சுக்குள் கரகரவென்ற சத்தம் இப்போது விரல் வைக்காமலே கேட்டது. டேப் ஒரு கோடுகூட நகரவில்லை. மூச்சை விடாமல், பேச முடியாமல், புருவத்தை உயர்த்தி எவ்வளவு என்று கேட்டான்.

"நாலு" என்றாள் யசோதரா. "வுடுய்யா, போதும். நாலு வருது."

அவன் மூச்சை விட்டான். இருமிக்கொண்டே சிரித்தான்.