துரும்பு ஒன்பதும் மூக்கு மெசினும்

நித்திரையில் மூச்சு நின்று நின்று வந்ததால், டொக்டர் எழுதித் தந்த மெசினை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். ஆரம்பத்தில் அதைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன்.

முன்பெல்லாம் முன்னூற்று நாலு சீட்டு விளையாடினால் எது துரும்பு என்பதே மறந்துவிடும். "அத்தானோட சோடி சேர ஏலாது" என்று மச்சான் என்னைக் கழித்தே வைத்திருந்தான்.

இன்று நிலாவெளிக் கடற்கரையில் சீட்டாட ஆள் போதவில்லை. வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்தார்கள். துரும்பு ஒன்பது இன்னும் விழவில்லை, எதிரணி நசீர் காக்காவிடம்தான் இருக்கிறது என்று ஞாபகம் வைத்திருந்து, கடைசியில் பிடித்தேன். மச்சான் வாயைப் பிளந்தான். மெசின் போட்டதிலிருந்து நல்ல நித்திரை, அதுதான் ஞாபகமும் நிற்கிறது என்றேன்.

"அந்த மெசினை ஒரு ராவைக்கு இரவல் தாங்க" என்றார் காக்கா.

"ஒரு ராவு காணாது காக்கா, ஒவ்வொரு ராவும் போடோணும்."

"ஒவ்வொரு ராவுமோ? அப்ப வேணாம், நான் தோத்திட்டே போறன்!"

வீடு வந்து சேர்ந்தால், காக்காவின் மனைவி போனில்: "தம்பி, அந்த மெசின் எங்க வாங்கினீங்க? இவருக்கும் ஒண்டு வேணும்."

சொல்லவா, விடவா? இனி நான் வெல்ல வேண்டாமா?