வண்டியில் இல்லாத ஆள்

ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, பிரசவ வார்டு மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று, ஜாஸியா தன் வெள்ளைக் கோட்டின் இடது கையில் சிவப்புப் பட்டையை இப்படித்தான் கட்டிக்கொள்கிறார். நாலு மாதமாகத் துவைத்துத் துவைத்து அந்தச் சிவப்பு ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. "புதுசா ஒண்ணு தைச்சுத் தரட்டுமாக்கா?" என்று வார்டில் ஒரு பெண் கேட்டாள். "வேணாம்டி. எத்தனை நாளா கட்டியிருக்கேன்னு பாக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

வேலையை நிறுத்தாமல் முறைத்துக்கொண்டிருப்பதற்குத்தான் இந்தப் பட்டை. ஊழியர் சங்கம் இதைக் கட்டச் சொன்னால் எல்லோரும் கட்டுவார்கள், அவிழ்க்கச் சொன்னால் அவிழ்ப்பார்கள். இந்த முறை பதினைந்தே நாளில் வெற்றி என்று சங்கம் அறிவித்துவிட்டது. என்ன வெற்றி? ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குக் குளிருக்குத் தோல் சட்டை! ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அறுபது பேரில் நாற்பத்தைந்து பேர் பெண்கள். சங்கக் குழுவில் ஐந்து பேர், ஐந்துக்கும் மீசை உண்டு. குழுத் தலைவர் புதுச் சட்டையோடு வார்டு வாசலில் வந்து நின்று, "போராட்டம் முடிஞ்சுபோச்சு தங்கச்சி, அவுத்துரு" என்றார். "உங்களுக்கு முடிஞ்சுபோச்சு அண்ணே. சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு, போட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜாஸியா கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பத்தேழு வயது. குள்ளம். நடந்தால் தரை அதிரும். துனிசியாவின் வடமேற்கு மலையில், தை மாதம் பனி கொட்டுகிற இந்தச் சிற்றூருக்குப் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவச்சியாக வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ஆலிவ் எண்ணெயில் மிளகாய் விழுதைக் குழைத்து, ரொட்டியைக் கிள்ளித் தோய்த்து நின்றபடியே தின்பார். உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களாம். வலியில் கத்துகிற பெண்களை வாய்க்கு வந்தபடி அதட்டுவார். ஆனால் வயிற்றுக்குள் இருப்பவரிடம் மட்டும் ஏகப்பட்ட மரியாதை. "ஐயா, எப்ப வர்றதா உத்தேசம்? நாங்களெல்லாம் காத்துக்கிட்டிருக்கோம்" என்று வயிற்றின் மேல் கை வைத்துக் கேட்பார். வலியோடு வலியாக அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இங்கே அறுவைப் பிரசவத்துக்கு வசதி கிடையாது. சிக்கலான கேஸ் என்றால் எழுபது கிலோமீட்டர் கீழே, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டும். வழியில் இருபத்துமூன்று வளைவுகள். மருத்துவச்சி கூடவே போக வேண்டும். முன் இருக்கை அவருக்கு இல்லை. அது பெண்ணின் மாமனாருக்கோ கணவனுக்கோ உரியது. பின்னால் மனைவியோ மருமகளோ காலை விரித்துக் கிடக்கும் இடத்தில் ஆண்பிள்ளை உட்காருவதா, அடக்கமாக முன்னால் உட்காருவதா? அப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. சட்டத்தைக்கூட மீறிவிடலாம், இதை மீற முடியாது. பர்னூஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமனார் முன்னால் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு வருவார். பின்னால் மருத்துவச்சி உட்காருவதற்கு ஒரு தக்காளிப் பெட்டி. நீல பிளாஸ்டிக், கவிழ்த்துப் போட்டது. பெட்டி வழுக்கும். ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரசவம் பார்க்க வேண்டும். வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் ஜாஸியா வயிற்றுக்குள் இருப்பவரிடம் சொல்வார்: "ஐயா, இந்த வண்டியோட பின்பக்கத்துல கெட்டியான சீட்டு உங்களுக்கு மட்டுந்தான் கெடைச்சிருக்கு. அவசரப்பட்டு எந்திரிச்சு வந்துறாதீங்க."

போன வருஷம் அறுப்புக் காலத்தில் அந்தப் பெட்டியில் ஹயாத் உட்கார்ந்து போனாள். இருபத்தொன்பது வயது, வார்டின் இளைய மருத்துவச்சி. பதினான்காம் வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஓட்டுநர் அம்மார் பிரேக்கை மிதித்தார். ஆடுகள் பிழைத்தன. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கிடந்த பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. ஹயாத் பெட்டியோடு பறந்து போய் ஆக்ஸிஜன் சிலிண்டரில் மோதினாள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது அவளால்.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று விண்ணப்பம் போனது. ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்த பதிலை ஜாஸியா மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருக்கிறார், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார். வண்டிப் புத்தகத்தின்படி அந்த ஆம்புலன்ஸில் இருக்கை இரண்டு, படுக்கை ஒன்று. ஓட்டுநர், உடன் வரும் உறவினர், நோயாளி. ஆகவே பின்பகுதியில் நான்காவதாக ஒரு ஆள் இருந்ததாக எடுத்துக்கொள்ள வழியில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான், கீழே முத்திரை. ஹயாத் அதைப் படித்துவிட்டு, "நான் அங்க இல்லவே இல்லையாம்க்கா. அப்ப இது யாரு இடுப்பு?" என்று கேட்டாள். ஜாஸியா எதற்கும் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இருடி. உன்னைய அந்த வண்டில ஏத்திக் காட்டுறேன்" என்றார்.

ஹயாத்துக்காக மேல்முறையீடு ஒன்றும், வண்டியின் பின்னால் இருக்கை வேண்டும் என்று மூன்று கடிதமும் எழுதினார். நிர்வாக அதிகாரி ஷாதுலி கூப்பிட்டுப் பேசினார். ஷாதுலி ஜாஸியாவைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் ஆஸ்பத்திரியில் எந்தப் பெண்ணையும் மகளே என்றுதான் அழைப்பார்.

"பொறுமையா இரு மகளே. எல்லாம் மேலிடத்துலதான் முடிவாகணும்."

"சரிங்க மகனே. அதுவரைக்கும் கேஸை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

ஷாதுலியின் காது சிவந்துபோனது. "ஏறமாட்டேன்னு எழுதிக் கொடு பாப்போம்" என்றார். ஜாஸியா கொடுக்க மாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தி ரத்தம் வழிந்துகொண்டு கிடக்கும்போது ஜாஸியா ஏறாமல் நிற்பாரா? அந்த நம்பிக்கையில்தான் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தக்காளிப் பெட்டியில் நிர்வாகம் காலத்தை ஓட்டியிருக்கிறது. "நம்ம ஈரமனசு மேலதாண்டி இவங்க சீட்டு போட்டு உக்காந்திருக்காங்க" என்று ஜாஸியா வார்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார்.

ஊர் எல்லையில் நாஜியின் பற்றவைப்புப் பட்டறை இருக்கிறது. பக்கத்துக் காலி நிலத்தில் ஓடி ஓய்ந்த லுவாஜ் வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும். ஊருக்கு ஊர் எட்டு ஆளை ஏற்றிக்கொண்டு பறந்த வண்டிகள். ஜாஸியா ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்து, பெல்ட் அறுந்துபோகாத ஒரு இருக்கையைத் தேர்ந்தெடுத்தார். நாஜி இரண்டு எட்டு பின்னால் போனான்.

"அரசாங்க வண்டிக்கா. கை வச்சேன்னா என்னையத் தூக்கி உள்ள வச்சிருவாங்க."

"உன் ரெட்டைப் புள்ளைங்க எங்கடா பொறந்துச்சுங்க?"

"...ஒம்பதாவது வளைவுல."

"யாரு கையில?"

நாஜி பற்றவைக்கும் முகமூடியின் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஊர் ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். அம்மார் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை முன்னால் நிறுத்திவிட்டு, "டயர்ல காத்துக் கம்மியா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஹயாத்தின் வீட்டுத் தெருவில் அந்த மனிதர் நடந்தே ஒரு வருஷம் ஆகிறது. தொழுகை முடிந்து கூட்டம் கலைவதற்குள், ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில், பின்கதவை ஒட்டி, தரையோடு நாலு போல்ட்டும் பற்றவைப்புமாக அந்த இருக்கை நின்றுவிட்டது. பழுப்பு ரெக்ஸின், ஓரத்தில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை. ஜாஸியா உட்கார்ந்து, குதித்துப் பார்த்து, "ராணி மாதிரி இருக்குடா" என்றார்.

மறுவாரமே மெமோ வந்தது. அரசு வாகனத்தின் அமைப்பைத் தன்னிச்சையாக மாற்றியது ஏன், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தரவும், தவறினால் வேலை நீக்கம் வரை போகும். ஜாஸியா அரை மணி நேரத்தில் பதில் எழுதிவிட்டார். அந்தப் பதிலின் நகல் இப்போது மலையிலுள்ள எல்லா சுகாதார நிலையத்துப் பெண்களிடமும் இருக்கிறது: "அந்த வண்டியின் பின்பகுதியில் மருத்துவச்சி யாரும் இருப்பதில்லை என்று தங்கள் அலுவலகமே முத்திரை வைத்து எழுதியிருக்கிறது. வண்டியில் இல்லாத ஆள் அதில் எப்படி இருக்கை பொருத்த முடியும்? நான் இருந்தேன் என்று தாங்கள் ஒப்புக்கொண்டால், ஹயாத்தும் இருந்தாள் என்று எழுதித் தரவும். உடனே குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன்."

ஷாதுலி அந்தப் பதிலைக் கோப்பில் போட்டு மூடினார். வேறு வழியைப் பிடித்தார். வருஷாந்திரத் தகுதிச் சோதனைக்கு வண்டி வியாழக்கிழமை கீழே போக வேண்டும். அங்கே சோதனை அதிகாரி இருக்கைகளை எண்ணி வண்டிப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் கணக்கு. மூன்று இருக்கை என்று ஏறிவிட்டால் அந்த வண்டியில் மருத்துவச்சி உண்டு என்று ஆகிவிடும், ஹயாத்தின் மேல்முறையீட்டுக்கும் உயிர் வந்துவிடும். ஆகவே புதன்கிழமைக்குள் இருக்கையை அறுத்து எடுக்க உத்தரவு போட்டார். ஊரில் பற்றவைக்கிறவர்கள் மூன்று பேர். நாஜியின் மிஷின் திடீரென்று ரிப்பேர். இரண்டாமவனுக்குக் கண்வலி. மூன்றாமவனிடம் பற்றவைக்கும் வாயு தீர்ந்துவிட்டது. மூன்று பேர் மனைவியும் ஜாஸியாவிடம் பிள்ளை பெற்றவர்கள், பாவம் ஷாதுலிக்கு அது ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஷாதுலியே முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். ஜாஸியா வெள்ளைக் கோட்டும் சிவப்புப் பட்டையுமாக உட்கார்ந்திருந்தார். காலடியில் நீலப் பெட்டி.

"எறங்கு! இன்னைக்கு உனக்கு டியூட்டி இல்லை. உனக்கு இங்க என்ன வேலை?"

"என்னையா சொல்றீங்க? நான்தான் இந்த வண்டியிலயே இல்லையே ஐயா."

அம்மார் வண்டியை எடுத்துவிட்டார். வளைவு வளைவாக வண்டி கீழே இறங்கியது. பதினான்காம் வளைவில் மட்டும் அம்மார் வேகத்தைக் குறைத்து, ஆடு எதுவும் இல்லாதபோதும் மெதுவாகப் போனார்.

சோதனை நிலையத்தில் அதிகாரி இளவயதுக்காரர். அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்து எழுதினார். கடைசியில் பின்கதவைத் திறந்தார். பின்னாலேயே ஓடிவந்த ஷாதுலி, "சீட்டு ரெண்டு, படுக்கை ஒண்ணு. புத்தகத்துல அப்படியே இருக்கு. இது சும்மா... ஏதோ சாமான் ஏத்தி வந்திருக்கு" என்றார்.

அதிகாரி அந்தச் சாமானை நிமிர்ந்து பார்த்தார். ஜாஸியாவும் அவரைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் எறங்கினீங்கன்னா எண்ணிருவேன்."

"எறங்குனா எண்ண மாட்டாங்க தம்பி. எங்களுக்கு அனுபவம் இருக்கு. இப்படியே எண்ணுங்க."

காலடியிலிருந்த நீலப் பெட்டியை எடுத்து, பெல்ட் விடுகிற அளவுக்குக் குனிந்து, ஷாதுலியின் காலருகே சிமெண்டுத் தரையில் கவிழ்த்து வைத்தார். "நீங்க நிக்காதீங்க ஐயா. இவர் எழுதுற வரைக்கும் இதுல உக்காருங்க. ஹயாத் உக்காந்த பெட்டிதான்."

ஷாதுலி உட்காரவில்லை. பெட்டியின் ஒரு மூலையில் சிலிண்டரில் மோதிய விரிசல் இருந்தது. அதிகாரி விரிசலைப் பார்த்தார், மேலே இருக்கையைப் பார்த்தார். இருக்கை எண்ணிக்கை எழுதும் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

ஜாஸியா பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஏற்கெனவே போட்டிருந்த பெல்ட்டை ஒருமுறை கழற்றி, அந்தக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி 'டக்'கென்று மறுபடி மாட்டினார்.