ரேணுகாவும் நானும் ஐந்து கோடுகளும்

டியூஷன் அக்கா வேலைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கூப்பிடுவார்கள். மீதியெல்லாம் நாமாகப் போய்த் தலையைக் கொடுப்பது. யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே இந்த வேலை பார்த்த சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

அநியாயம் நடந்தது நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ரேணுகாவுக்கு. வயது ஏழு, பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து ஃப்ளாட்டில் நான்காவது மாடி. கூடப் படிக்கும் பிள்ளைகளையெல்லாம் பியானோ முதல் கிரேடு பரீட்சைக்கு அனுப்பப் போகிற டீச்சர் மிஸஸ் அருளம்பலம், இவளை மட்டும் நிறுத்திவிட்டார். நோட் எழுதிய தாளைப் பார்க்காமல், காதால் கேட்டே வாசித்துவிடுகிறாளாம். இது ஒரு குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

வாய் கொடுத்தது

ரேணுகாவின் அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. ஷிப்ட் முடிந்து வந்து சண்டை போட அவருக்குத் தெம்பில்லை, எனக்கு இருந்தது. மிஸஸ் அருளம்பலம் வீட்டுக்கே போய், எழுதப் படிக்கத் தெரிந்த பிறகா குழந்தைகள் பேசுகின்றன என்றெல்லாம் அடுக்கினேன். முன்பின் கேட்டிராத மெட்டைப் பரீட்சையில் தாளில் நீட்டுவார்கள், அப்போது இவள் யாரைக் கேட்டு வாசிப்பாள் என்றார் அவர். நான் முதலில் சொன்னதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பரீட்சைக்குப் பேர் கொடுக்க இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து பழக்கினால் பார்க்கலாம் என்றார். அங்கே யாருக்கும் நோட் படிக்கத் தெரியாதே என்றேன், என்னையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணத் தமிழில் அமைதியாகப் பதில் வந்தது: "அப்ப நீர் பக்கத்தில இரும். தெரியாட்டி நீரும் படியும்."

கீழிருந்தா, மேலிருந்தா?

ரேணுகா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குட்டி எலக்ட்ரிக் ஆர்கன், அதன்மேல் புத்தகம். ஐந்து கோடுகள், கோட்டிலும் இடுக்கிலும் கறுப்பு உருண்டைகள். முதல் கோடு எது என்பதிலேயே தகராறு. எந்தப் பக்கத்தையும் மேலிருந்துதானே படிக்கிறோம், ஆகவே மேல்கோடுதான் முதல் கோடு என்று வாதாடினேன். ரேணுகா கீழ்க்கோடு என்றாள். புத்தகமும் அவள் கட்சி. புத்தகம் சொன்னால் சரியாகிவிடுமா என்று நான் விடவில்லை. அவள் ஆர்கனை விட்டுக் கையை எடுக்காமல் சொன்னாள்: "எங்க ஃப்ளாட்ட மேல இருந்தா எண்ணுறாங்க? லிப்ட் கெட்டுப்போன அன்னைக்கி ஏறிப் பாருங்கக்கா, தெரியும்."

'ஸ' எங்கே?

ரேணுகா கோயிலில் பாட்டு வகுப்புக்கும் போகிறவள். ஸரிகம அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு ஒரு யோசனை வந்தது. 'சி' என்கிற கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உருண்டைக்கும் கீழே பென்சிலால் ஸ, ரி, க என்று எழுதிவிட்டேன். வண்டி ஜோராக ஓடியது. நானே ஒரு பாட்டு வாசித்தேன் என்றால் பாருங்கள்.

அடுத்து வந்த பாட்டு 'ஜி'யில் தொடங்கி 'ஜி'யில் முடிந்தது. பழைய கணக்குப்படி அதற்குக் கீழே 'ப' எழுதினேன். ரேணுகா ஒருதரம் வாசித்துப் பார்த்தாள்; 'ப'வை அழித்துவிட்டு 'ஸ' எழுதினாள். போன வாரம் 'சி'தான் 'ஸ' என்று பேசி முடித்தாயிற்று, நினைத்தபோது மாற்ற முடியாது என்றேன். அன்றைய கணக்குப் பாடம் அதிலேயே போனது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டு எங்க வந்து உக்காருதோ அதான் 'ஸ'. நீங்க 'ப'ன்னு எழுதினா அது எந்திரிச்சுப் போயிருமாக்கா?"

காப்பியடிக்க ஒன்றுமில்லை

பாட்டுக்குப் பாட்டு இடம் மாறுகிற எழுத்தை நம்பி என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்தோம். வெறும் உருண்டைகள்தான் மிச்சம்.

இங்கேதான் என் வாசிப்பு கைகொடுத்தது. டீச்சர் ஒருதரம் வாசித்தால் போதும், ரேணுகா அப்படியே பிடித்துக்கொள்வாள். நான் வாசிப்பதோ ஒற்றை விரலில், கட்டை கட்டையாகத் தேடி, நடுவில் நின்று நின்று. அதில் மெட்டு எது, தப்பு எது என்று கண்டுபிடிக்க அந்தக் காதாலும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் தாளைப் பார்க்க ஆரம்பித்தாள். இடுக்கில் இருப்பதை நான் கோட்டில் இருப்பதாக வாசித்தால், சின்ன விரல் சட்டென்று அந்த உருண்டையைக் குத்திக் காட்டும். கொஞ்ச நாளில் நான் இரண்டாவது வரியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் முழுப் பாட்டையும் முடித்துவிட்டு என்னைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அவள் அம்மா, கைப்பையைக்கூட இறக்காமல் நின்று எங்கள் வாசிப்பைக் கேட்டார். என் பெருமையைச் சொல்லப்போகிறார் என்றுதான் திரும்பினேன். அவர் சொன்னது: "நீங்க வாசிக்கிறதக் கேட்டா யாரா இருந்தாலும் புத்தகத்தத்தான் பாப்பாங்க லா."

தீர்ப்பு நாள்

பேர் கொடுக்கிற வாரம் வந்தது. மிஸஸ் அருளம்பலம் அலமாரியிலிருந்து எங்கள் கண்ணில் படாத தாள் ஒன்றை எடுத்து பியானோவில் வைத்தார். கேட்க வழியில்லை, அவர் வாசித்துக் காட்டவில்லை. ரேணுகாவின் கால் தரைக்கு எட்டாது, ஆட்டிக்கொண்டே இருப்பாள். அன்று ஆடவில்லை. கண் தாளிலேயே இருந்தது. மெதுவாகப் போனாள், ஓரிடத்தில் தடுக்கினாள், தானே தாளைப் பார்த்துத் திருத்திக்கொண்டு முடித்தாள்.

உடனே மிஸஸ் அருளம்பலம் அதே நாற்காலியை எனக்குக் காட்டினார். நானும் வாசித்தேன். அதை விவரிக்க வேண்டாம். எழுந்ததும், இப்போது என்ன சொல்கிறீர்கள், இனியும் மறுத்தால் நான் விடுவதாக இல்லை என்று ஆரம்பித்தேன்.

நியாயம் கேட்கப் போய் இரண்டு மாதம் ஐந்து கோடுகளோடு மல்லுக்கட்டியவளுக்கு, மேற்கொண்டு வாதாட இடமே வைக்காமல் கிடைத்த பதில் இதுதான்: "பிள்ளையின்ர பேரை இண்டைக்கே குடுக்கிறன், உம்மட பேரை அடுத்த வருசம் பாப்பம்."