நான்கு மூட்டைப் புளியின் விலை

மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு சுளைப் புளியைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஆனந்தி கணினியின் முன் உட்காருவார். ஜமுனாமரத்தூரில் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கொள்முதல் நிலையத்தில் பதின்மூன்று வருடமாக இருப்புக் கணக்கு அவர் பொறுப்பு. சாமைத் தூசி படியாமலிருக்க, பழைய துப்பட்டாவில் விசைப்பலகைக்கு உறை தைத்திருக்கிறார். எண்களைத் தட்டும்போது உதடு அசையும். "மெஷினுக்கு இன்னா தெரியும்? அதுக்குப் புளியும் ஒண்ணு, புண்ணாக்கும் ஒண்ணு" என்பார்.

கிடங்கைப் பார்த்துக்கொண்ட கோபால் அவரோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். அவர் எடை சொல்ல, இவர் கணினியில் ஏற்றுவார். ஒரு டீ வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொள்வார்கள். எடையைக் கோபால் பாட்டுப்போல இழுத்துச் சொல்வாராம்: "நாப்பத்தெட்டே... முக்காலு!" அதைச் சொல்லிக்காட்டும்போது ஆனந்தியின் குரலும் தானாக இழுபடுகிறது.

மார்கழியில் கோபால் இறந்துபோனார். தை கடைசியில் இருப்பை எண்ணியபோது, சாமை மூட்டைகளுக்குப் பின்னால் கணக்கில் இல்லாத நான்கு மூட்டைப் புளி இருந்தது. ஐப்பசி மழையில் கூரைத் தகடு பறந்து நனைந்தவை. கெட்டுப்போனதென்று கணக்கில் கழித்து, கொட்டிவிடச் சொன்னவரே ஆனந்திதான். கோபால் கொட்டவில்லை. வெயிலடித்த நாட்களில் உப்புத் தூவிக் காயவைத்து, மறுபடி கட்டி அடுக்கியிருக்கிறார். சொல்லத்தான் நாளில்லாமல் போய்விட்டது.

மொத்தம் இருநூறு கிலோ. இருப்பில் கூட்டப் போனால், கிலோ என்ன விலை என்று மென்பொருள் கேட்டது.

"ஜீரோ போடுங்கக்கா. அதான் நஷ்டத்துல எழுதியாச்சே" என்றார் கணக்கு அதிகாரி நவீன்குமார்.

ஆனந்தி போட்டுப் பார்த்தார். ஏற்கெனவே இருந்த தொள்ளாயிரம் கிலோவும் கிலோ நூற்றுப்பத்து ரூபாய்க்கு வாங்கிய சரக்கு. விலையில்லாத புளி அதோடு கலந்ததும் சராசரி தொண்ணூறுக்கு இறங்கியது. அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் மாசியில் வரும் புதுப் புளிக்குக் கூட்டத்தில் விலை வைப்பார்கள்.

"வேணாங்க சார். மரம் ஏறி உலுக்கி, கொட்டை எடுத்துக் குடுத்தவங்களுக்கு அன்னிக்கே நூத்திப்பத்து குடுத்துகீறோம். சும்மாவா வந்துச்சி? இப்ப ஜீரோ போட்டா, மலைக்காரங்க அத்தினி பேருக்கும் கிலோவுக்கு இருவது ரூபா அடி வுழும்."

"சரக்கு நல்லா இருக்குதா?"

ஆனந்தி ஒரு சுளையை நீட்டினார். நவீன்குமார் மென்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சரி, போடுங்க" என்றார்.

ஐப்பசியில் கழித்த பதிவைத் தேடியெடுத்து, அதிலிருந்த நூற்றுப்பத்தையே விலையாகப் போட்டார். சராசரி பழைய இடத்துக்கு ஏறியது. கீழே 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'கோபால் காயவைத்தது' என்று தட்டினார். சேமிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டு, கோபாலுக்குப் பக்கத்தில் 'அண்ணன்' என்று சேர்த்தார்.