நாலு பத்துக்கு எழும் டிஸ்க்

மாமல்லபுரத்தை விட்டுத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. உட்கார்ந்தால் அந்தச் சத்தம் மறுபடி காதில் கேட்கும் என்று பயம். சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான், சுடுகாட்டு ஓரமெல்லாம் படுத்துத் தூங்கியிருக்கிறேன், பேய் பிசாசு எதையும் நம்பியதில்லை.

அப்போது செங்கல்பட்டில் பழைய லேப்டாப் ரிப்பேர் கடையில் இருந்தேன், லேப்டாப்பை ஓட்டுகிற லினக்ஸ் சிஸ்டத்தைக் கற்றதும் அங்கேதான். அன்று மத்தியானம் முதலாளி என்னை மாமல்லபுரத்தில் அமுதா என்ற பெண்ணின் வீட்டுக்கு அனுப்பினார். சிறுசேரியில் வேலை பார்த்த அவள் புருஷன் நாலு மாதம் முன்பு ரோட்டில் அடிபட்டு இறந்துபோனவன். லினக்ஸ் போட்டிருந்த அவன் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் ஓயாமல் சுற்றி, டக் டக்கென்று சாகப்போகிற சத்தம் போட்டது. வீணாகச் சுற்றவிடாமல் செய்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

தொட்டிலில் கைக்குழந்தை தூங்கியது.

"பேரு இன்னாம்மா?"

"இன்னும் வெக்கலண்ணா. அவரு பேருங்கள லிஸ்ட்டு எழுதி இதுலதான் வெச்சிகீறாரு. இன்னும் முடிவு பண்ணல."

இறந்தவனைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே என்றிருந்தது.

பின்னால் ஓடிய வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். லினக்ஸில் ஒரு பழக்கம், ஒரு ஃபைலைச் சும்மா படித்தால்கூடக் கடைசியாகப் படித்த நேரத்தை டிஸ்க்கில் எழுதிவைக்கும். அதையும் நிறுத்தினேன், எங்கள் கடையில் யாரையும் கேட்காமல் செய்கிற வேலை அது. டிஸ்க் அடங்கிவிட்டது. செய்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "படிச்ச நேரத்தையா நிறுத்துனீங்க? யாருண்ணா உங்கள அத நிறுத்தச் சொன்னது?"

தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு அந்தப் பேர் லிஸ்ட்டை யாரோ படித்ததாகப் பதிவாகுமாம். அவள் ஃபைலைத் திறப்பதே இல்லை, நேரத்தை மட்டும் பார்ப்பாளாம். தானாக ஓடுகிற ஏதாவது புரோகிராமாக இருக்கும் என்று, மிச்சமிருந்ததையும் அவள் கண்ணெதிரே நிறுத்தினேன்.

"வேற டிஸ்க்ல காப்பி போட்டுத் தரேம்மா. இது எப்ப வேணா பூடும்."

"காப்பிய அவரு எங்க போயி தேடுவாரு?"

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். நாலு பத்து. யாரும் கை வைக்கவில்லை, டிஸ்க் எழுந்து சுற்றியது. டக், டக். பிறகு அடங்கியது.

"நேரத்தப் பாருங்கண்ணா."

"அதான் நிறுத்தியாச்சே, பதிவாயிருக்காதும்மா."

பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நாலு பத்து என்று பதிவாகியிருந்தது. நான் நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது.

"பழையபடி போட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள். போட்டால் டிஸ்க் சீக்கிரம் போய்விடும், பேர் லிஸ்ட்டும் அதோடு போகும். போடவில்லை. போடாமலே எழுதுகிறவனுக்கு நான் எதற்கு? பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான், கடைக்கும் திரும்பவில்லை. அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்துபோகும் லாரிகளின் நேரத்தை நோட்டில் எழுதவேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் நோட்டை நீட்டினார்.

"இன்னாபா, நாலு மணிக்கு அப்பால ஒரு லைன் காலியா கீது?"

வருகிறவர் எழுதிக்கொள்வார் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.