திரும்பி வந்த முந்திரிக்கொத்து

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா கனடாவுக்குப் பலகாரப் பார்சல் அனுப்புவாள். தம்பி அங்கே போய்க் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்ற பிறகு, தாராவியில் எங்கள் ஒற்றை ரூமில் மிஞ்சியது அம்மாவும் நானும்தான். நவம்பர் கடைசியில் பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகு ஊற்றி முந்திரிக்கொத்து உருட்டத் தொடங்குவாள். ஐரோலியில் ஆபீஸ் முடிந்து, ரயில் மாறி வந்து, நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார வேண்டும். பொரித்ததில் ஒன்றைத் தொட்டால், "அது தம்பிக்குள்ளது. ஒனக்கு ஒடஞ்சது கெடக்கு பாரு" என்பாள்.

பெட்டியை மாஹிமுக்குத் தூக்கிப் போய்க் கட்டித் தபாலில் சேர்ப்பதும் நான்தான்.

அந்த வருஷமும் சேர்த்தேன். கிறிஸ்துமஸ் அன்று தம்பி வீடியோ காலில் வந்தான். "பார்சல் கெடச்சுட்டும்மா. சூப்பரா இருந்து" என்றான். அம்மா அதைக் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, தபால்காரர் எங்கள் சந்துக்குள் வந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தார். நான் ஒட்டிய டேப். நான் எழுதிய விலாசம். அதற்கு மேல் புதிதாக ஒரு ஸ்டிக்கர். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

"என்னட்டி போட்டிருக்கு?"

"வாங்க வேண்டியவரு வேண்டாம்னு சொல்லிட்டாராம்."

"நீ அட்ரஸ தப்பா எழுதிருப்ப."

"அட்ரஸ் சரிதாம்மா. வீடு வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. அவன்தான் வாங்கல."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தியை எடுத்து டேப்பைக் கீறினாள். காறிய எண்ணெய் வாடை ரூம் முழுக்கப் பரவியது. மூடியை அப்படியே திரும்ப வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலத் தம்பி கூப்பிட்டான். அம்மா போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, பெட்டியை மடியருகே இழுத்துக்கொண்டாள். போனில் அவள் முகம் மட்டும்தான் தெரியும்.

"இந்தத் தடவ முந்திரிக்கொத்துல ஏலக்கா கூடிட்டோ ஐயா?"

"இல்லம்மா, கரெக்டா இருந்து."

"பிள்ள தின்னானா?"

"அவன்தான் பாதிய காலி பண்ணுனான்."

"அவன்ட்ட போனக் கொஞ்சம் குடு."

பையன் வந்தான். அவனுக்குத் தமிழ் புரியாது. தம்பி பின்னால் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னான். பையன் போனைப் பார்த்து, "யம்மி" என்றான்.

அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் கையை நீட்டிப் போனைக் கட் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. தம்பி மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து, போனுக்கு நேராகக் காட்டிவிட்டு, அம்மா வாயில் போட்டாள். கல்லாய் இறுகியிருந்தது. கடைவாயில் ஒதுக்கிக் கடித்தாள். காறலில் முகம் சுளித்தாலும் துப்பவில்லை. தம்பி பையனை அப்பால் அனுப்பினான்.

"திரும்ப வந்துட்டா?" என்றான்.

"ம்."

"சரி, நீயே பாத்துட்ட, இனி மறைக்கதுக்கு என்ன. இங்க யாரும் இத திங்கிறதில்லம்மா. அவளுக்கு அந்த எண்ணெ வாடையே ஆகாது. இவ்வளவு வருஷமும் வாங்கி வாங்கிக் குப்பைலதான் போட்டோம். இந்த வருஷம் அதுக்கும் முடியலன்னுதான் திருப்பி விட்டேன்."

அம்மா மென்று முடித்து விழுங்கினாள். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். போனை வைத்தாள்.

மிச்சத்தை மூட்டையாகக் கட்டி நான் குப்பை அள்ள வரும் கச்ரா வண்டியில் போட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த நவம்பரில் வேலை முடிந்து வந்தபோது ரூமுக்குள் வறுத்த பயறு வாசம். அம்மா உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"தம்பிக்கு."

"அவன்தான் குப்பைல போடுறேன்னு சொன்னான்லா?"

"போடட்டும். நான் பெத்தவன், அவன் கையால வாங்கி, அவன் கையாலயே போடட்டும். சட்டி காஞ்சிட்டு பாரு, உக்காரு."

உட்கார்ந்தேன். அந்த வாரமே பெட்டியை அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. கிடைத்ததா என்று அம்மா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே விழும் பனியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.